ஸ்குவாட்டில் குதிகால் தூக்குதா? காஸ்ட்லி ஷூ வாங்கும் முன் சுவரில் ஒரு சோதனை!

"மாஸ்டர், கீழே போகும்போது குதிகால் தூக்குது."

"குதிகாலை ஊன்றி உட்காருப்பா."

"ஊன்றினா பின்னாடி விழுற மாதிரி இருக்கு மாஸ்டர்."

எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் காதில் விழுகிற உரையாடல் இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து மின்சார ரயிலில் வேப்பம்பட்டு வந்து இறங்குபவர், காக்களூரிலிருந்து பைக்கில் திரும்புபவர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் என யாராக இருந்தாலும், மாலை ஏழு மணிக்கு ஜிம்மில் நுழையும்போது காலில் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். மெத்து மெத்தென்ற ரன்னிங் ஷூ, கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ, இல்லையென்றால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்கால்.

ஸ்குவாட் சரியாக வரவில்லை என்று போனில் தேடினால் போதும். அடுத்த நிமிடத்திலிருந்து 'வெயிட்லிஃப்டிங் ஷூ' விளம்பரம் விடாமல் துரத்தும். விலை? பிரபலமான வெளிநாட்டு பிராண்டு என்றால் பத்தாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். சம்பளத்தில் வாடகை, இ.எம்.ஐ. போக மிஞ்சுவதைக் கணக்குப் பண்ணுபவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

வாங்கணுமா, வேண்டாமா? ஜிம்மில் சேர்ந்து சில மாதங்களே ஆன பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். ஆனால் சிலருக்கு அது ஆடம்பரம் இல்லை, அவசியம். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளச் செலவே கிடையாது. ஒரு சுவர், ஒரு ஸ்கேல் போதும். அந்தச் சோதனைக்குப் போகும் முன், அந்த ஷூ எதற்காக உருவானது என்று பார்த்துவிடுவோம்.

அந்த ஷூவில் அப்படி என்னதான் இருக்கு?

கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். சாதாரண ஷூவைவிடக் கனமாக இருக்கும். குதிகால் பகுதி உயர்ந்து, கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது. உண்மையிலேயே மரக்கட்டையில் குதிகால் செய்த காலமும் உண்டு. இப்போது பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் வகைகள். மேலே லேஸ் போக, பாதத்தின் நடுவில் இறுக்கிக் கட்ட ஒன்றோ இரண்டோ ஸ்ட்ராப் இருக்கும். உள்ளே கால் நகரக்கூடாது, அதற்குத்தான்.

குதிகால் எவ்வளவு உயரம் என்பதுதான் இதில் முக்கியமான எண். முன்பாதத்தைவிடக் குதிகால் எத்தனை மில்லிமீட்டர் மேலே நிற்கிறது என்பதை வைத்து இதைச் சொல்வார்கள். நைக்கி ரோமாலியோஸ் 4 ஷூவில் 20 மி.மீ., அதே கம்பெனியின் சாவலியோஸில் 15 மி.மீ., ரீபாக் லெகசி லிஃப்டர் 2-ல் 22 மி.மீ. மொத்தச் சந்தையும் ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான். அதாவது 12 ஆயிரம் கொடுத்தாலும் 20 ஆயிரம் கொடுத்தாலும், நீங்கள் வாங்குவது முக்கியமாக ஒன்றரை முதல் இரண்டேகால் சென்டிமீட்டர் உயரமுள்ள, அமுங்காத ஒரு குதிகாலைத்தான்.

இவ்வளவு சின்ன உயரத்துக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். அதற்கு நம்ம வேலூர்க்காரர் ஒருவரைப் பார்க்கணும்.

வேலூர் சதீஷும் இரண்டு சென்டிமீட்டரும்

வேப்பம்பட்டு வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் மேற்கே அரக்கோணம் தாண்டிப் போனால் காட்பாடி. அங்கே இறங்கினால் வேலூர். தமிழ்நாட்டில் பளுதூக்குதல் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் ஊர். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ, 2018-ல் கோல்டு கோஸ்ட் என்று அடுத்தடுத்து இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். கோல்டு கோஸ்ட்டில் அவர் ஸ்னாட்ச்சில் தூக்கியது 144 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173 கிலோ. மொத்தம் 317.

அந்த 144 கிலோவைக் கொஞ்சம் யோசியுங்கள். ஸ்னாட்ச் என்றால் தரையில் கிடக்கும் பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். பார் மேலே வரும் அந்த நொடியில் வீரர் அதற்குக் கீழே புகுந்து, முழுதாக உட்கார்ந்த நிலையில் கையை நீட்டித் தாங்குவார். உடல் எடையும் சேர்த்தால், உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பாதங்கள் மேல் ஏறத்தாழ 220 கிலோ. முதுகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் பார் முன்னால் விழும். நிமிர்ந்து உட்காரணும் என்றால் முழங்கால் நன்றாக முன்னால் போகணும். முழங்கால் முன்னால் போகணும் என்றால் கணுக்கால் மடங்கணும். கணுக்கால் அதன் எல்லையைத் தொட்டதும் உடம்புக்கு இருப்பது இரண்டே வழி: குதிகாலைத் தூக்குவது, அல்லது முதுகைச் சாய்ப்பது.

இந்த இடத்தில்தான் அந்த 2 செ.மீ. உதவுகிறது. குதிகால் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால், கணுக்கால் அதிகம் மடங்காமலேயே முழங்கால் முன்னால் போய்விடும். முதுகு நிமிர்ந்து நிற்கும். பளுதூக்கும் ஷூ உங்களுக்குப் பலம் கொடுப்பதில்லை. கணுக்காலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். விளம்பரங்கள் இதை இப்படிச் சொல்லாது.

ரன்னிங் ஷூவிலும் குதிகால் உயரமாத்தானே இருக்கு?

நியாயமான கேள்வி. பல ரன்னிங் ஷூக்களில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மி.மீ. வரை உயரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உயரம் ஃபோமால் ஆனது. ஓடும்போது தரையில் கால் படும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதுதான் அந்த ஃபோமின் வேலை, அதை அது நன்றாகவே செய்கிறது. அதே ஷூவோடு தோளில் 80 கிலோ பாரை வைத்து உட்கார்ந்தால், ஃபோம் தலையணை மாதிரி அமுங்கும். அதுவும் சமமாக அமுங்காது. வெளிப்பக்கம் கொஞ்சம், உள்பக்கம் கொஞ்சம் என்று சாயும். பாதம் சாய்ந்தால் முழங்கால் உள்ளே விழும். நீங்கள் தரையைத் தள்ளுகிற விசையில் ஒரு பங்கு ஃபோமை அமுக்குவதிலேயே போய்விடும்.

மெத்தை மேல் நின்று அரிசி மூட்டை தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குறைந்த எடையில் இது பெரிதாகத் தெரியாது. 20, 30 கிலோவில் பயிற்சி செய்யும்போது ரன்னிங் ஷூ போட்டாலும் குடி முழுகிப் போகாது. எடை உங்கள் உடல் எடையை நெருங்கும்போதுதான் ஆட்டம் தெரியும். மெஷின்களில், கேபிளில் செய்கிற பயிற்சிகளுக்கு எந்த ஷூ போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

சேஃப்டி ஷூவோட ஸ்குவாட் போடலாமா?

நம்ம பகுதியில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் பலருக்குத் தினமும் எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் காலில் கிடப்பது அந்த ஷூதான். "கெட்டியாத்தானே இருக்கு, அதையே போட்டுக்கலாமே" என்று தோன்றுவது இயல்பு.

முன்னால் இருக்கும் இரும்புத் தொப்பி நிஜமாகவே பெரிய விஷயம். ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி, சேஃப்டி ஷூவின் விரல் பகுதி 200 ஜூல் தாக்குதலைத் தாங்க வேண்டும். 20 கிலோ பிளேட் ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுந்தால் ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல்தான். இந்தப் பாதுகாப்பு எந்தப் பளுதூக்கும் ஷூவிலும் கிடையாது. வெறுங்காலோடு ஜிம்மில் நடப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஸ்குவாட்டுக்கு அது சரிவராது. மேலே தோல் கெட்டி, முன்னால் இரும்பு கெட்டி என்றாலும், நாள் முழுக்க நிற்பதற்கு வசதியாக இருக்கணும் என்பதால் பல சேஃப்டி ஷூக்களில் பாதத்துக்குக் கீழே மென்மையான பி.யு. அடுக்கு வைத்திருப்பார்கள். அது அமுங்கும். இரும்புத் தொப்பி இருப்பதால் விரல்களை விரித்துத் தரையைப் பிடிக்கவும் முடியாது. உயரமான வகையாக இருந்தால் கணுக்காலையும் பிடித்துக்கொள்ளும். கம்பெனித் தரையின் ஆயில் சோலில் ஒட்டியிருந்தால் வழுக்கும், அது தனி ஆபத்து. லாக்கரில் ஒரு ஜோடி மாற்று ஷூ வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இன்னொரு விஷயம். நாள் முழுக்க அந்தக் கனமான ஷூவில் நின்றுவிட்டு வரும்போது கெண்டைக்கால் இறுகிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்றாக உட்கார முடிந்தவருக்கு, புதன்கிழமை மாலையில் குதிகால் தூக்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஷூவைக் குறை சொல்லும் முன் ஐந்து நிமிடம் கெண்டைக்காலை நீட்டிப் பாருங்கள்.

சரி, அந்தச் சுவர்ச் சோதனை என்ன?

ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு காலின் பெருவிரல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முயலுங்கள். எட்டவில்லையா? பாதத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். சுலபமாகத் தொட்டால் பின்னால் நகர்த்துங்கள். குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடும் அதிகபட்ச தூரத்தைக் கண்டுபிடித்து, பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக.

பிசியோதெரபிஸ்ட்கள் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கப் பயன்படுத்தும் அதே முறைதான் இது. பொதுவாக 10 செ.மீ. அளவைப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தூரத்தில் கூடும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணுக்கால் மடங்கும் கோணத்தில் தோராயமாக மூன்றரை டிகிரிக்குச் சமம். 20 மி.மீ. குதிகால் உங்கள் பாதத்தை ஏறத்தாழ 6 டிகிரி சாய்க்கிறது. கணக்குப் போட்டால், அந்த விலை உயர்ந்த ஷூ உங்களுக்குக் கொடுப்பது சுவர்ச் சோதனையில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கூடுதல் தூரம். தினமும் இதே சுவரில் முழங்காலைத் தள்ளித் தள்ளிப் பயிற்சி செய்தால், அதில் ஒரு பங்கைச் சில வாரங்களில் பலராலும் இலவசமாகவே சம்பாதிக்க முடியும். நம்ம வேகத்துக்கு அது வருமா என்பது ஆளைப் பொறுத்தது.

10 செ.மீ. தாண்டுகிறீர்களா? உங்கள் குதிகால் தூக்குவதற்குக் காரணம் கணுக்காலாக இருக்க வாய்ப்பு குறைவு. கால்களை எவ்வளவு அகட்டி வைக்கிறீர்கள், பாரை எங்கே வைக்கிறீர்கள், எடை அதிகமோ என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு, ஏழு சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுகிறதா? அப்போது எங்கே தடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். பின்னால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் அது பயிற்சியால் சரியாகக்கூடியது. கணுக்காலின் முன்பக்கம் எலும்போடு எலும்பு இடிப்பது போல, கிள்ளுவது போல இருந்தால், குறிப்பாகப் பழைய சுளுக்கு இருந்த காலில் அப்படி இருந்தால், அதை இழுத்து நீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிசியோவிடம் காட்டுங்கள். உயரக் குதிகால் ஷூ உண்மையிலேயே பெரிய வித்தியாசம் காட்டுவது இவர்களுக்குத்தான்.

"நான் தோப்புக்கரணம் நல்லாவே போடுவேனே, இந்தியன் டாய்லெட்டில் சௌகரியமா உட்காருவேனே" என்று சிலர் கேட்பார்கள். நல்லதுதான், வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஆபீஸ் நாற்காலியும் மட்டுமே தெரிந்தவர்களைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். ஆனால் அப்படி உட்காரும்போது நம் முதுகு வளைந்து, உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். தோளில் பார் இருக்கும்போது அப்படி வளைய முடியாது. அதனால் தோப்புக்கரணத்தில் பாஸ் ஆனவர் பார்பெல் ஸ்குவாட்டில் தடுமாறுவது சகஜம். தொடை எலும்பு நீளமாக உள்ளவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கணுக்கால் நன்றாக மடங்கினாலும் நீளத் தொடை அவர்களை முன்னால் சாய்க்கும். குதிகால் உயரம் அவர்களுக்கும் கைகொடுக்கும்.

வாங்கும் முன் இன்னொரு ஒத்திகையும் பார்த்துவிடலாம். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் நீளமான, ஆடாத மரப்பலகை ஒன்றைக் குதிகால்களுக்கு அடியில் போட்டு, வெறும் பாரை மட்டும் வைத்து ஸ்குவாட் போட்டுப் பாருங்கள். சட்டென்று முதுகு நிமிர்ந்து, இடுப்பு கீழே இறங்குகிறதா? ஷூ உங்களுக்கு உதவும். ஒன்றும் மாறவில்லையா? பத்தாயிரம் மிச்சம். ஜிம்மில் இதற்குச் சின்ன பிளேட்டுகளை வைப்பார்கள். எடை ஏற்றாமல் சோதிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. 100 கிலோவோடு அதன் மேல் ஏறுவது விஷப் பரீட்சை. பிளேட் நழுவினால் பிடிக்க யாராலும் முடியாது.

எந்தப் பயிற்சிக்கு எது?

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஒரு ஷூ வாங்கிவிட்டு அதையே எல்லாவற்றுக்கும் போடுவது.

ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய ஒலிம்பிக் முறைகளைப் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்கிறீர்கள் என்றால் தயங்காமல் உயரக் குதிகால் வாங்குங்கள். அதற்காகவே பிறந்தது அது. பாரைக் கழுத்துக்கு அடியில் உயரமாக வைத்தோ மார்புக்கு முன்னால் வைத்தோ ஆழமாக உட்காரும் ஸ்குவாட் வகைகளுக்கும் நல்லது. பாரை முதுகில் கொஞ்சம் இறக்கி வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காரும் பவர்லிஃப்டிங் பாணி என்றால் பலர் தட்டையான ஷூவையே விரும்புவார்கள். அவர்களிலும் கணுக்கால் இறுகியவர்கள் குதிகால் ஷூவுக்கு மாறுவதுண்டு. இதில் ஒரே சரியான பதில் கிடையாது.

டெட்லிஃப்டுக்கு மட்டும் பதில் தெளிவு: குதிகால் ஷூ வேண்டாம். தரையிலிருந்து பாரை இழுக்கிறோம். நீங்கள் உயரத்தில் நின்றால் அவ்வளவுக்கு அவ்வளவு கூடுதலாகக் குனிந்து, கூடுதல் தூரம் இழுக்க வேண்டும். போதாததற்கு உடம்பு விரல் பக்கம் தள்ளப்படும். போட்டிகளில் டெட்லிஃப்டுக்குப் பல வீரர்கள் சாக்ஸ் மாதிரி மெல்லிய ஸ்லிப்பர் போடுவது அதனால்தான்.

இதை நம்ம ஊர்ப் பெரியவர்கள் எந்த விளம்பரமும் பார்க்காமலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் ஆண்களும் பெண்களும் தூக்குகிறார்கள். உருண்டைக் கல்லைத் தரையிலிருந்து எடுத்து, தொடையில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்துத் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடணும். வெறுங்காலை மண்ணில் பதித்துத்தான் தூக்குவார்கள். தரையிலிருந்து எடுக்கிற எடைக்குத் தட்டையான கால்தான் வசதி. பாருக்குக் கீழே புகுந்து உட்காரும் ஸ்னாட்ச்சுக்குத்தான் குதிகால் உயரம் தேவைப்பட்டது. இரண்டும் வேறு வேறு வேலை.

அப்போ டெட்லிஃப்டுக்கும் சாதாரண ஸ்குவாட்டுக்கும் என்ன வாங்குவது? ஸ்கூலில் பி.டி. வகுப்புக்குப் போட்டோமே, வெள்ளை கேன்வாஸ் ஷூ, அது நினைவிருக்கிறதா? தட்டையான ரப்பர் சோல், அமுங்காது, பிடிமானம் நன்றாக இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஜிம்மில் முதல் ஆறு மாதத்துக்கு அதைவிட நல்ல ஷூ பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. ஸ்டைலாக இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உள்ளே தடிமனான மெத்தை இன்சோல் இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

முழங்கால் வலி இருக்கு, குதிகால் ஷூ போட்டா சரியாகுமா?

கவனம். குதிகால் உயரும்போது முழங்கால் அதிகமாக முன்னால் போகிறது. அதாவது வேலை இடுப்பிலிருந்து தொடையின் முன்பக்கத் தசைக்கும் முழங்காலுக்கும் மாறுகிறது. முதுகுக்குக் கொஞ்சம் நிம்மதி, முழங்காலுக்குக் கொஞ்சம் கூடுதல் சுமை. நல்ல முழங்காலுக்கு இது பிரச்சினை இல்லை, படிப்படியாக ஏற்றினால் பழகிவிடும். ஏற்கெனவே முழங்காலின் முன்பக்கம் வலி இருப்பவர்கள், ரீல்ஸில் யாரோ சொன்னார் என்று வாங்கிப் போட்டால் வலி கூடவும் வாய்ப்பு உண்டு. வலி இருக்கும்போது முதலில் டாக்டர் அல்லது பிசியோ, ஷூ கடை அதற்கப்புறம்.

புது ஷூ போட்ட முதல் இரண்டு வாரம் வழக்கமான எடையைக் குறைத்துப் போடுங்கள். உடம்பின் சமநிலைப் புள்ளியே மாறியிருக்கும். முதல் நாளே பழைய அதிகபட்ச எடையைப் போட்டுப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் அளவு. யு.கே., யு.எஸ்., ஐரோப்பிய எண்கள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், நம்ப வேண்டாம். மாலையில், கால் லேசாக உப்பியிருக்கும் நேரத்தில், வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றிலும் வரையுங்கள். குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர், அகலமான இடத்தில் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சென்டிமீட்டர் கணக்கைத்தான் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடணும்.

நீளத்தைவிட அகலம்தான் நம்மில் பலருக்கு வம்பு. சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதம் முன்னால் நன்றாக விரிந்திருக்கும். ஒடுக்கமான ஷூவில் சுண்டுவிரல் நசுங்கும். அதற்காக ஒரு சைஸ் பெரியதாக எடுத்தால் குதிகால் உள்ளே வழுக்கும், வாங்கிய நோக்கமே கெட்டுவிடும். முன்பாதம் அகலமாக உள்ள மாடலைத் தேடுங்கள். ரன்னிங் ஷூவில் விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடச் சொல்வார்கள். இதில் அவ்வளவு வேண்டாம். விரல் நசுங்கக்கூடாது, ஆனால் ஷூ காலைக் கைகுலுக்குவது மாதிரி பிடித்திருக்கணும்.

கடையில் போட்டுப் பார்க்க முடிந்தால் நடந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், அங்கேயே முழுதாக உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சேல்ஸ்மேன் பார்த்தால் பார்க்கட்டும். குதிகால் உள்ளே எழும்புகிறதா? கட்டைவிரலால் குதிகால் பகுதியைப் பக்கவாட்டில் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். ஷூவைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் நிச்சயம் வேண்டாம். முன்பாதம் மட்டும் லேசாக வளையணும், நடுவில் வளையக்கூடாது. இந்த நாலு சோதனையில் தேறினால், பெயர் தெரியாத உள்ளூர் பிராண்டாக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். பெரிய பிராண்டு நம்ப முடியாத விலையில் கிடைத்தால் அது போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். போலியில் லோகோ கச்சிதமாக இருக்கும், குதிகால்தான் ஃபோமாக இருக்கும்.

15 மில்லிமீட்டரா, 20-க்கு மேலா? சுவர்ச் சோதனையில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் வந்தவருக்கு, பொதுவான ஜிம் ஸ்குவாட்டுக்கு 15 போதும். ஒலிம்பிக் முறைப் பயிற்சி, நீளமான தொடை, மிகவும் இறுகிய கணுக்கால் என்றால் 20 பக்கம் போகலாம். சந்தேகம் இருந்தால் குறைந்த உயரத்தையே தேர்ந்தெடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? தட்டையான, கெட்டி சோல் ஷூவின் குதிகாலுக்கு அடியில் கெட்டி ரப்பர் ஷீட்டை ஒட்டித் தைத்துத் தரச் சொல்லிச் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கலாம். இரண்டு காலிலும் உயரம் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கணும், ரப்பர் சோலின் முழு அகலத்துக்கும் இருக்கணும். ஷூவுக்கு உள்ளே அட்டை, ஃபோம் திணிப்பது வேலைக்கு ஆகாது. குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்துவிடும்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: ஒலிம்பிக் முறைப் பளுதூக்குதலில் வெறுங்காலோடு மேடையேற முடியாது. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளன விதிப்படி ஷூவின் அடிப்பாகம் எந்த இடத்திலும் 5 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது. கடையில் கிடைக்கும் வழக்கமான மாடல்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் செய்த ஷூ என்றால் மட்டும் முன்கூட்டியே போட்டி அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்கியாச்சு, எவ்வளவு நாள் உழைக்கும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ரன்னிங் ஷூவைவிடப் பல மடங்கு உழைக்கும், ஏனென்றால் அமுங்கித் தேய்வதற்கு அதில் ஃபோம் இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டிரெட்மில்லில் ஓடுவது, பைக் ஓட்டுவது, ஸ்டேஷனிலிருந்து ஜிம் வரை நடப்பது கூடாது. வளையாத சோலில் ஓடினால் காலுக்கும் கேடு, ஷூவுக்கும் கேடு. பையில் தனியாக எடுத்துப் போய், ஸ்குவாட் ரேக் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். டெட்லிஃப்ட் வந்ததும் கழற்றிவிட்டு கேன்வாஸ் ஷூவுக்குப் போங்கள்.

நம்ம ஊர்ப் புழுக்கம்தான் இதற்கு முதல் எதிரி. வியர்வையோடு பையிலேயே ஒரு வாரம் கிடந்தால் நாற்றம் மட்டுமில்லை, பசையும் விடும். வீட்டுக்குப் போனதும் இன்சோலை வெளியே எடுத்து, ஸ்ட்ராப்பைத் திறந்து ஃபேன் காற்றில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப் போட வேண்டாம், சோல் பிரியும். பி.யு. சேர்ந்த சோல் என்றால் நீண்ட காலம் பரணில் வைத்தாலும் ஆபத்துதான். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல அரித்து, ஒருநாள் எடுத்துப் போடும்போது பிஸ்கட் மாதிரி உதிரும். யாராவது "ஒரே தடவைதான் போட்டேன், மூணு வருஷம் டப்பாவிலேயே இருந்துச்சு, பாதி விலைக்குத் தரேன்" என்று சொன்னால், வாங்கும் முன் குதிகாலையும் சோல் ஒட்டியிருக்கும் ஓரத்தையும் நகத்தால் கீறிப் பாருங்கள்.